எந்தத் தகட்டை வெட்டுவது?

திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலின் பெரிய தேரைப் பழுதுபார்த்து 2024 நவம்பரில் மாடவீதியில் வெள்ளோட்டம் விட்டார்கள். அந்த மாதிரி வேலையில், உளுத்த மரம் எது, இன்னும் தாங்கும் மரம் எது என்று பிரித்துச் சொல்பவர்தான் முக்கியமான ஆள். கடற்படைக் கப்பல் பழுதுபார்ப்பிலும் அப்படி ஒருவர் உண்டு: கட்டமைப்புத் தொழில்நுட்பர்.

கடலே இல்லாத திருவண்ணாமலையில் ஐ.டி.ஐ. படிக்கும் பையனுக்கும் இது எட்டாத வேலை இல்லை. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கப்பல் தளம் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கக் கடற்படையின் ‘சார்லஸ் ட்ரூ’ என்ற சரக்குக் கப்பல் பழுதுபார்க்க அங்கே வந்தது. அந்நாட்டுக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதல் முறை.

இந்த வேலை என்றால் வெல்டிங் தீப்பொறிதான் படத்தில் அழகாக விழும். ஆனால் பாதி வேலை அதற்கு முன்பே, டார்ச் லைட்டோடு கப்பலின் தொட்டிக்குள் தவழ்ந்து போவதில் முடிந்துவிடுகிறது. துரு எல்லா இடத்தையும் ஒரே அளவில் தின்பதில்லை. கடல்நீர் நிரப்பும் பாலாஸ்ட் தொட்டி, வெல்டிங் ஓரங்கள், சமையலறைக்கும் கழிப்பறைக்கும் அடியில் ஈரம் தேங்கும் தளத் தகடு ஆகியவைதான் முதலில் போகும்.

தகட்டின் மறுபக்கத்துக்குப் போகாமலே கனத்தை அளக்க, உள்ளங்கையில் அடங்கும் மீயொலிக் கருவி போதும். ஜெல் தடவி முனையை வைத்தால் ஒலி உள்ளே போய், மறுபக்கத்தில் மோதித் திரும்பும். எஃகில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர். 10 மில்லிமீட்டர் தகட்டில் போய்த் திரும்ப, நொடியின் பத்து லட்சத்தில் மூன்றரைப் பங்குகூட ஆகாது. அந்த நேரத்தைக் கருவி கனமாக மாற்றிக் காட்டும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பெயின்ட்டில் ஒலி மெதுவாகப் போவதால், சாதாரணக் கருவி அரை மில்லிமீட்டர் பெயின்ட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட இரும்பாகக் கணக்கில் சேர்த்துவிடும். மெலிந்த தகடு ‘பாஸ்’ ஆகிவிடும்! அதனால் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். அல்லது அடுத்தடுத்த எதிரொலிகளுக்கு இடையிலான நேரத்தை மட்டும் எடுக்கும் கருவி வேண்டும்.

எவ்வளவு தேய்ந்தால் மாற்றுவது என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். பல தகடுகளுக்கு மூலக் கனத்தில் 20 முதல் 25 சதவீதம் வரையே பொறுப்பார்கள். அதைத் தாண்டியதைச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வெட்டுவார்கள். மூலைகளை மட்டும் வளைவாக விடுவார்கள். கூர்மூலையில் விசை குவிந்து விரிசல் பிறக்கும். இரண்டாம் உலகப் போர்க்கால லிபர்ட்டி கப்பல்கள் பலவற்றில், மேல்தளத் திறப்பின் சதுர மூலைகளில்தான் வெடிப்பு தொடங்கியது.

வெட்டுவதற்கு முன், தகட்டின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். எண்ணெய்த் தொட்டியோ கேபிள் கட்டோ இருக்கலாம். வாயு சோதித்து, அந்தப் பக்கமும் தீயணைப்பானோடு ஒருவரை நிறுத்திய பிறகே வெட்டும் டார்ச் எரியும்.

புதுத் தகட்டை ஒரே மூச்சில் பற்றவைத்தால் சூட்டில் நெளிந்துவிடும்; அதனால் துண்டுதுண்டாக, இடம் மாற்றி மாற்றி வைப்பார்கள். வெல்டிங் ராடில் ஈரம் ஏறினால் ஹைட்ரஜன் புகுந்து வெல்டிங் விரிசல் விடும் என்பதால், அதை ‘ஓவன்’ அடுப்பில் காயவைத்துச் சூடாகவே எடுப்பார்கள். கடைசியில் தொட்டிக்குள் காற்றடைத்து, மூட்டின் மேல் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் அந்த இடத்தை அரைத்தெடுத்து, மறுபடி பற்றவைக்க வேண்டியதுதான்.