குழந்தை வளர்ச்சி: வீட்டில் எழுந்த ஐயமும் நிபுணர் மதிப்பீடும்

பதினெட்டு மாதம் நிறைந்த பெண் குழந்தை ஒன்று. நன்றாக நடக்கிறது, தாயின் முகம் பார்த்துச் சிரிக்கிறது, கை நீட்டித் தூக்கச் சொல்கிறது. ஆனால் 'அம்மா' என்ற சொல்கூட இன்னும் அதன் வாயினின்றும் வரவில்லை. தாய் சேய் பாதுகாப்பு அட்டையை எடுத்துப் பார்த்த தாய்க்குப் பேச்சைப் பற்றிய இடத்தில் மட்டும் அடையாளமிட மனம் வரவில்லை. மாமியார் சொல்கிறாள்: "இவள் அப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான். நீ சும்மா இரு, அம்மா." அண்டை வீட்டாரும் அதையே ஆமோதிக்கின்றனர். அட்டை மீண்டும் பெட்டிக்குள் போய்விடுகிறது.

இந்தக் காட்சியைக் காணாத களப்பணியாளர் அரியர். அட்டை பெட்டிக்குள் போவதற்கும், குழந்தை நிபுணரிடம் போவதற்கும் இடையே கழியும் மாதங்களைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஆங்கிலத்தில் 'ஸ்கிரீனிங்' எனப்படுவதைத் தமிழில் எழுத நாம் படும் பாடு சிறிதன்று. 'திரையிடல்' என எழுதுவோர் உளர். அது சினிமாக் கொட்டகைக்கே பொருந்தும். 'சலித்தல்' என்பது பொருளால் மிக நெருங்கியது. ஆனால் 'சலிப்பு' என்றவுடன் வாசகர் வேறொன்றை நினைப்பார். இதற்கும், நிபுணர் செய்யும் முழு ஆய்வுக்கும் 'பரிசோதனை' என்றே எழுதிவிடுவதும் உண்டு. இதனால் விளையும் தீங்கு பெரிது. ஒரு தாய், பரிசோதனையில் தன் குழந்தை தவறிவிட்டதெனக் கேட்டு நடுங்குகிறாள். மற்றொருத்தி, பரிசோதனைதான் ஆகிவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறாள். ஆகவே இங்கு வீட்டிலும் அங்கன்வாடியிலும் செய்வதை 'முதற்சோதனை' என்றும், நிபுணர் செய்வதை 'மதிப்பீடு' என்றும் வேறுபடுத்தியே வழங்குவோம்.

முதற்சோதனை ஒரு சல்லடை. மாவு சலிக்கும்போது கப்பி மேலே தங்கும். கப்பியோடு நல்ல மாவுக் கட்டியும் தங்கும். மெல்லிய தூசியோ மாவோடு கீழே இறங்கிவிடும். திருவனந்தபுரத்தில் உருவாக்கப்பட்டு 1991-இல் வெளியான வளர்ச்சி அட்டவணை இதற்கு நல்ல உதாரணம். இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான 17 செயல்கள் அதில் உள்ளன. குழந்தையின் வயதுக்கு நேரே ஓர் அளவுகோலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்புறம் முடிந்துவிடும் செயல்களில் ஏதேனும் ஒன்றைக் குழந்தை செய்யவில்லை எனில் ஐயம் கொள்ள வேண்டும். சில நிமிடங்களில் முடியும் வேலை. டென்வர் அட்டவணையோடு ஒப்பிட்டபோது, தாமதமுள்ள குழந்தைகளில் 66.7 சதவீதத்தினரை இது பிடித்தது, தாமதமில்லாதவர்களில் 78.8 சதவீதத்தினரைச் சரியாக விடுவித்தது.

இவ்வெண்களின் பொருளை ஒரு கணக்கால் காணலாம். ஓர் ஊரில் 100 குழந்தைகள் இருப்பதாகவும், அவர்களுள் மூவருக்கு உண்மையில் தாமதம் இருப்பதாகவும் கொள்வோம். சல்லடையில் அம்மூவருள் இருவர் தங்குவர், ஒருவர் நழுவிவிடுவார். மற்ற 97 பேரில் ஏறத்தாழ 21 பேரும் தங்கிவிடுவர். ஆக, ஐயத்துக்குரியோர் 23 பேர். அவர்களுள் தாமதமுள்ளோர் இருவரே. எனவே "உங்கள் குழந்தைக்குக் குறை இருக்கிறது" என்று முதற்சோதனையைக் கொண்டு கூறும் உரிமை எவருக்கும் இல்லை. நழுவிய அந்த ஒரு குழந்தையையும் மறக்கலாகாது. அட்டவணை சரியாக இருந்தும் தாயின் மனம் ஒப்பவில்லையெனில், தாயின் ஐயத்தையே ஏற்று மதிப்பீட்டுக்கு அனுப்புவது முறை.

வயதைக் கணக்கிடுவதிலும் பிழை நேர்வதுண்டு. எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்குப் பத்து மாதம் ஆகியிருப்பின், அதனிடம் ஏறத்தாழ எட்டு மாதக் குழந்தையின் செயல்களையே எதிர்பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இவ்வாறு கழித்துக் கணக்கிடுவர். குழந்தைக்குக் குழந்தை வேறுபாடும் மிகுதி. டில்லிக் குழந்தைகளும் இடம்பெற்ற ஆய்வின் பேரில் உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகளின்படி, துணையின்றி நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்து கிடக்கிறது. ஆகவே பதினான்கு மாதத்தில் நடக்காத குழந்தையைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஆனால் சில அடையாளங்களில் காத்திருத்தல் தகாது: பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலி இல்லாமை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாமை, இருபத்து நான்கு மாதத்தில் இரு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேசாமை. எவ்வயதிலாயினும் முன்பு பேசிய பேச்சையோ செய்த செயலையோ குழந்தை இழந்துவிடுமாயின் அது எல்லாவற்றினும் அவசரமானது.

மேற்கூறிய குழந்தையின் விஷயத்தில் முதலில் நினைக்க வேண்டியது நாக்கை அன்று, செவியை. செவிப்புலன் குன்றிய குழந்தையும் முதல் மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே ஒலியெழுப்பும், சிரிக்கும், முகக்குறிப்பை உணர்ந்து நடந்துகொள்ளும். அதன் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பதால் பயனில்லை. காற்றின் அசைவையும், நிழலையும், தரையின் அதிர்வையும் கண்டு அது திரும்பக்கூடும். 'கேட்கிறதே!' என வீட்டார் மகிழ்வர். மாவட்ட மையத்திலோ செவிக்குள் சிறு முனையொன்றை வைத்து ஒலி செலுத்தி, உட்செவியினின்றும் மீளும் நுண்ணிய எதிரொலியைக் கருவி பதிவு செய்கிறது. அதில் ஐயம் ஏற்பட்டால், தலையில் மின்முனைகளை ஒட்டிச் செவி நரம்பும் மூளைத் தண்டும் ஒலிக்குத் தரும் மின்னலைகளை அளக்கின்றனர். குழந்தை உறங்கும்போதே இவற்றைச் செய்யலாம், வலி இல்லை. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவியின் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் மதிப்பீடு, ஆறு மாதத்துக்குள் உதவி என்பதே இத்துறையினர் வகுத்துள்ள வரம்பு. பாட்டியின் சொல்லை நம்பி மூன்று வயது வரை காத்திருந்தால், மொழி பதியும் பருவத்தில் பெரும்பகுதி ஓசையின்றியே கழிந்துவிடும்.

எங்கு அனுப்புவது? 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரை நோக்க நடமாடும் மருத்துவக் குழுக்கள் அமைக்கப்பட்டுள்ளன. இவை அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். ஐயத்துக்குரியோர் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுகின்றனர். குழு வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மூலமாகவும் அனுப்பலாம்.

அங்கு நிகழ்வது ஒரே மருத்துவரின் ஐந்து நிமிடப் பார்வையன்று. கருவுற்ற காலம் முதலான வரலாற்றைக் கேட்பர், தலைச்சுற்றளவை அளப்பர், கண்ணையும் காதையும் நோக்குவர், தேவைப்படின் தைராய்டு சுரப்பைக் காண இரத்தம் எடுப்பர். பரோடாவில் பிரமிளா பாடக் அவர்கள் நம் நாட்டுக் குழந்தைகளுக்கென வகுத்த அளவையில் உடலியக்கத்துக்கு 67, மனவளர்ச்சிக்கு 163 எனச் செயல்கள் உள்ளன. உளவியலார் விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு இரண்டரை வயது வரையுள்ள குழந்தைகளிடம் அவற்றைப் பார்க்கிறார். பசியும் தூக்கமும் உள்ள குழந்தை தன் திறமையைக் காட்டாது. ஆதலால் உணவும், அதற்குப் பழகிய பொம்மையும் உடன் எடுத்துச் செல்லுமாறு தாய்க்குச் சொல்லுங்கள்.

அனுப்பும் சீட்டில் 'வளர்ச்சி குறைவு' என்று மட்டும் எழுதுவதால் நிபுணருக்கு ஒன்றும் விளங்காது. 'பெயர் சொல்லி அழைத்தால் பத்து முறையில் இரு முறையே திரும்புகிறாள். வேண்டிய பொருளைச் சுட்டிக் காட்டுவதில்லை. தாயின் கையைப் பிடித்து இழுத்துச் செல்கிறாள்' என்பது போல் கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். வீட்டில் குழந்தை விளையாடுவதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் படமெடுத்து வைப்பதும் நன்று. அறிமுகமில்லாத இடத்தில் அழுதுகொண்டே இருக்கும் குழந்தைக்கு அதுவே சாட்சி.

பெற்றோரின் தயக்கத்துக்கு மற்றொரு காரணம் உண்டு. அதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. மையத்துக்குப் போனால் குழந்தையின் பெயர் 'ஊனமுற்றோர்' பட்டியலில் ஏறிவிடும் என அஞ்சுகின்றனர். மதிப்பீடு வேறு, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படும் மாற்றுத்திறன் சான்றிதழ் வேறு. பின்னதைப் பெற்றோரே கோரி விண்ணப்பிக்க வேண்டும். இதனை மாமியாரும் தந்தையும் உடனிருக்கும்போது கூறுவது உத்தமம். தாயிடம் மட்டும் சொன்னால், அவள் ஒருத்தியே வீட்டில் வழக்காட வேண்டியதாகும்.

முறை வரும் வரை வாரங்கள் கழியலாம். அதற்குள் குழந்தையின் முகத்துக்கு நேரே அமர்ந்து பேசுவதும், குளிக்கும்போதும் உண்ணும்போதும் பொருள்களைக் காட்டிப் பெயர் சொல்வதும், அது எழுப்பும் ஒலியைத் தாமும் எழுப்பிக் காட்டுவதும் வீட்டிலேயே தொடங்கத்தக்கவை. நோயின் பெயர் தெரிந்த பிறகுதான் இவற்றைச் செய்ய வேண்டும் என்பதில்லை. மையத்திலிருந்து திரும்பிய சீட்டில் 'தாமதமில்லை' என்றிருந்தால், தேதியை அட்டையில் குறித்து, அடுத்த மூன்று மாதத்தில் மறுபடியும் பாருங்கள். வேறு விதமாக எழுதியிருந்தால், சீட்டின் நகலொன்றை அங்கன்வாடியில் வைத்துக்கொண்டு, அடுத்து வரச் சொன்ன நாளில் தாயும் குழந்தையும் போனார்களா எனக் கேட்டறிய வேண்டும். பேருந்துச் செலவு இன்மையால் இரண்டாம் முறை போகாது நின்றுவிடும் வீடுகள் உண்டு.