போலி ஆவணப்படங்களில் வேற்றுலகப் படையெடுப்பு: குளச்சல் – மண்டைக்காட்டுக் கடற்கரை வரலாற்றுடன் ஓர் ஒப்புநோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நிகழாத வரலாற்றை நிகழ்ந்ததாகக் காட்டும் போலி ஆவணப்படங்களுள் வேற்றுலகவாசிகளின் படையெடுப்பைப் பொருளாகக் கொண்டவையும் உள்ளன. அவை நம்பகத்தன்மையை எவ்வாறு உருவாக்குகின்றன, மனிதப் பகைவனின் இடத்தில் வேற்றுலகவாசியை நிறுத்துவதால் வரலாற்றில் எது மறைகிறது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. குளச்சல் கடற்கரையில் 1741இல் நிகழ்ந்த மெய்யான படையெடுப்பும், அதனை அடுத்துள்ள மண்டைக்காட்டில் 1982இல் மூண்ட கலவரமும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: போலி ஆவணப்படம், மாற்று வரலாறு, வேற்றுலகவாசி, குளச்சல் போர், டி லனாய், மண்டைக்காடு.

முன்னுரை

ஆவணப்படம் நிகழ்ந்ததைச் சான்றுடன் காட்டும் என்பது பார்வையாளரின் பொது நம்பிக்கை. பழைய படச்சுருள், நேரில் கண்டோர் கூற்று, வரலாற்றறிஞர் விளக்கம், நிலப்படம், பின்னணிக் குரல் ஆகியன அந்நம்பிக்கையைத் தாங்கும் உறுப்புகளாகும். இவ்வுறுப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளடக்கத்தை மட்டும் கற்பனையாக மாற்றுவது போலி ஆவணப்படம். ‘இவ்வாறு நிகழ்ந்திருந்தால்’ என்னும் மாற்று வரலாற்றுக் கற்பனை அதனுடன் சேரும்போது, கற்பனைக்கும் சான்றின் தோற்றம் கிடைத்துவிடுகிறது.

வகைமையின் வேர்கள்

எச்.ஜி. வெல்ஸ் எழுதி 1898இல் நூலாக வெளிவந்த ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ புதினமே இவ்வகைக்கு மூலம். செவ்வாய்க்கோளிலிருந்து வந்தோர் இங்கிலாந்தைச் சூறையாடுவதும், இறுதியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களால் மடிவதும் அதன் கதை. ஐரோப்பியக் குடியேற்றத்தால் டாஸ்மேனியப் பழங்குடிகள் அழிக்கப்பட்டதை வெல்ஸ் முதல் இயலிலேயே நினைவூட்டுகிறார். பிற நாடுகளுக்கு இங்கிலாந்து செய்தது இங்கிலாந்துக்கே நேர்ந்தால் என்னவாகும் என்பதே அவர் எழுப்பிய வினா. ஆகவே, தொடக்கத்தில் வேற்றுலகவாசி என்னும் உருவம் ஆதிக்க நாட்டின் முன் பிடிக்கப்பட்ட கண்ணாடியாக இருந்தது.

அப்புதினத்தை ஆர்சன் வெல்ஸ் 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்க வானொலியில் நாடகமாக்கினார். இசை நிகழ்ச்சியின் இடையே அவசரச் செய்தி ஒலிப்பதுபோல் அதன் பெரும்பகுதி அமைந்தது. நாடு முழுவதும் பீதி பரவியதாக நாளிதழ்கள் எழுதின. அது பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் முடிவு. ஆனால், ஈக்வடார் நாட்டின் கிட்டோ நகரில் 1949 பிப்ரவரியில் இதே கதை உள்ளூர்ப் பெயர்களுடன் ஒலிபரப்பானபோது விளைவு கொடியதாயிற்று. கேட்டது நாடகம் என அறிந்து சினமுற்ற கூட்டம் வானொலி நிலையம் இயங்கிய கட்டடத்திற்குத் தீ வைத்தது, உயிர்கள் பறிபோயின. கற்பனை இது என்னும் குறிப்பு கேட்போரைச் சேராதபோது வடிவமே சான்றாகிவிடும் என்பதற்குக் கிட்டோ ஓர் எடுத்துக்காட்டு.

பகைவனை மாற்றுதல்

முதல் உலகப்போரின் நூற்றாண்டை ஒட்டி 2013இல் வெளிவந்த ‘தி கிரேட் மார்ஷியன் வார் 1913–1917’ இவ்வகைமையின் முழு வளர்ச்சியைக் காட்டுகிறது. மைக் ஸ்லீ இயக்கிய இப்படம், போர்க்கால ஆவணக் காட்சிகளுடன் கணினி வரைகலையால் ஆன முக்கால் எந்திரங்களை இணைக்கிறது. முதிய போர்வீரர்களாக நடிகர்கள் சான்று கூறுகின்றனர். பதுங்குகுழியும் சேறும் சிதைந்த ஊர்களும் மாறவில்லை. எதிரி மட்டும் மாறியிருக்கிறான். நாடுகள் தமக்குள் பொருத அப்போர், செவ்வாய்க்கோள்வாசிகளுக்கு எதிரான போராக உருமாறுகிறது.

இம்மாற்றத்தில் ஒன்று இழக்கப்படுகிறது. 1914இல் தொடங்கிய பேரழிவுக்கு அரசுகளின் முடிவுகளும் பேராசையும் காரணமாயின. வேற்றுலகவாசியின் மீது பழி விழுந்ததும் மனிதர் அனைவரும் குற்றமற்றவராகின்றனர். வெல்ஸின் கையில் குற்றத்தைக் காட்டிய கண்ணாடி, இங்கே குற்றத்தை மறைக்கும் திரையாகிறது.

குளச்சல்: பகைவன் உறவான வரலாறு

கடல்வழி வந்த அயலாரின் படையெடுப்பு நாஞ்சில் நாட்டிற்குக் கற்பனையன்று. இலங்கையிலிருந்து வந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை 1741இல் குளச்சலில் இறங்கியது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை அதனை முற்றுகையிட்டு, ஆகஸ்ட் 10 அன்று பணியவைத்தது. பனந்தடிகளை வண்டிகளில் ஏற்றிப் பீரங்கிகளாகத் தோன்றச் செய்தனர் என்றும், மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சார்த்தித் துப்பாக்கி ஏந்திய வீரர்போல் கரையில் அணிவகுத்தனர் என்றும் வாய்மொழி மரபு கூறுகிறது. வரலாறு, போலிச் சான்று ஆகிய இரண்டும் இக்கதையில் ஒன்றாக நிற்கின்றன. இக்கதை எவ்வளவு உண்மையாயினும், அரசைக் காத்தவர்களாக மீனவர்களை நினைவில் நிறுத்துவது கருதத்தக்கது.

போருக்குப் பின் நிகழ்ந்ததே இக்கட்டுரைக்கு முதன்மையானது. சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் யுஸ்டேஷியஸ் டி லனாய், திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்து அதற்கு ஐரோப்பிய முறையில் பயிற்சியளித்தார். ‘வலிய கப்பித்தான்’ என்னும் பட்டம் பெற்றார். 1777இல் மறைந்த அவரது கல்லறை புலியூர்க்குறிச்சியை அடுத்த உதயகிரிக் கோட்டையில் உள்ளது. அதில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது.

குளச்சல் போரை வேற்றுலகப் படையெடுப்புக் கதையாக மாற்றினால் முற்றுகையையும் வெற்றியையும் காட்டலாம். டி லனாயின் பிற்கால வாழ்வுக்கு அதில் இடமிராது. செவ்வாய்க்கோள்வாசி சரணடைவதில்லை, ஊதியம் பெறுவதில்லை, வென்றவர் மொழியில் கல்லறை எழுத்துப் பெறுவதுமில்லை. அவன் கொல்லவோ மடியவோ மட்டுமே படைக்கப்பட்டவன். பகைவன் அண்டை வீட்டானாகக்கூடும் என்னும் வரலாற்று வாய்ப்பை இவ்வகைமை முற்றாக நீக்கிவிடுகிறது.

மண்டைக்காடு: அண்டையார் அயலாராதல்

இதற்கு எதிர்த்திசையில் இயங்கும் வரலாறும் அதே கடற்கரையில் உண்டு. 1982 மார்ச் 1 அன்று, மண்டைக்காடு பகவதியம்மன் கோயிலின் மாசிக் கொடைக் காலத்தில், இந்துக்களுக்கும் கிறித்தவ மீனவர்களுக்கும் இடையே மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. கலவரம் மாவட்டத்தின் பிற ஊர்களுக்கும் பரவியது. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. ஒரே கடலையும் ஒரே சந்தையையும் பகிர்ந்து வாழ்ந்தோர் ஒருவரையொருவர் அயலாராகக் கண்ட நாள்கள் அவை. மனிதரை வேற்றுலகவாசியாக்க விண்கலம் தேவையில்லை என்பதற்கு இக்கரை சான்று.

முடிவுரை

போலி ஆவணப்படத்தை மெய்யா பொய்யா என்னும் வினாவால் மட்டும் மதிப்பிட இயலாது. கற்பனை என்னும் குறிப்பு பார்வையாளரைச் சென்றடைகிறதா என்பது முதல் அளவுகோல். வேற்றுலகவாசி நிற்கும் இடத்தில் உண்மையில் நின்றவர் யார், அவரை அகற்றியதால் யாருடைய பொறுப்பு மறைந்தது என்பது இரண்டாவது அளவுகோல். தமிழில் இத்தகைய படங்கள் உருவாகும்போது, உதயகிரிக் கல்லறையின் தமிழ் எழுத்து அவற்றுக்கு உரைகல்லாக அமையும். படையெடுத்து வந்தவருக்கும் இந்த மண்ணின் மொழியில் இடமளித்த வரலாறு அதில் பதிந்துள்ளது.