பழைய வழக்கும் விசா படிவமும்

தோவாளை தாலுகாவின் தலைமையிடமான பூதப்பாண்டி, 1907இல் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் பிறந்த ஊர். பலமுறை சிறை சென்ற அவரை ஊர் பெருமையோடுதான் நினைக்கிறது. விசா படிவத்துக்கு அந்தப் பெருமை தெரியாது. அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவம், மன்னிப்புக் கிடைத்திருந்தாலும்கூட, எப்போதாவது கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா என்று கேட்கிறது. மறியலில் கைதாகி, கல்யாண மண்டபத்தில் வைக்கப்பட்டு, சாயங்காலம் விடுவிக்கப்பட்டவரும் இந்தக் கேள்வியில் தயங்கி நிற்கிறார். ‘இல்லைன்னு போடுங்க’ என்கிறார் ஏஜென்ட். அந்த யோசனைதான் ஆபத்து.

பழைய சிறு வழக்கு விசாவைக் கெடுப்பது குறைவு. மறைத்தது தெரிந்தால் மீள்வது கடினம். ஒழுக்கக்கேடாகக் கருதப்படும் குற்றமே ஆனாலும், அது ஒன்றுதான், அதிகபட்சத் தண்டனை ஓராண்டுக்கு மேல் இல்லை, விதிக்கப்பட்டது ஆறு மாதத்துக்கு மேல் இல்லை என்றால் அமெரிக்கச் சட்டம் விலக்குத் தருகிறது. பொய் சொன்னவருக்கோ தனி விலக்கு கிடைத்தாலொழிய ஆயுள் முழுக்கத் தடை. கனடாவில் ஐந்தாண்டுத் தடை. பிரிட்டனில் பத்தாண்டு வரை மறுக்கப்படலாம். இளமையில் கோஷம் போட்டது போன்ற சிறு வழக்கை மறைத்த தவறை வேலை தருபவர் பொறுக்கலாம் என்று நம் உச்ச நீதிமன்றம் 2016இல் அவதார் சிங் வழக்கில் சொன்னது. அந்தக் கருணையை வெளிநாட்டுத் தூதரகத்திடம் எதிர்பார்க்க முடியாது.

யாருக்குத் தெரியப்போகிறது என்பார்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரை வைத்தே வழக்கைத் தேடலாம். பல விசாக்களுக்குக் காவல் துறையின் நன்னடத்தைச் சான்றும் வேண்டும். உண்மையைச் சொன்னாலும் சிலருக்கு மறுக்கிறார்களே என்பது நியாயமான கேள்வி. மறுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் உண்மை சொல்லி மறுக்கப்பட்டவர் கூடுதல் ஆவணங்களோடு மீண்டும் விண்ணப்பிக்கலாம். இதைவிடக் கனமான ஆட்சேபம், போராடியதற்காகப் போடப்பட்ட வழக்கை ஏன் குற்றம்போல் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது. கூடங்குளம் அணு உலையை எதிர்த்த ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகம் உட்பட வழக்குகள் பாய்ந்தன. அவற்றைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி, நிலுவை வழக்கு ஒன்றே பாஸ்போர்ட்டை மறுக்கப் போதும். இந்த அநீதியைத் தீர்க்கும் பொறுப்பு அரசுடையது. வழக்கை வாபஸ் வாங்கினால் அதற்கான உத்தரவு நகலையும் அலைய விடாமல் கையில் தர வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் வழக்கு நடந்த நீதிமன்றத்தில் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். ஏஜென்ட் நிரப்பித் தரும் படிவத்தில் அந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் போட்டிருக்கிறது என்று பார்க்காமல் அனுப்ப விடாதீர்கள்.