மிதிவெடியை அறியாத கருவி

கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பெண்களின் கையிலுள்ள கருவிக்கு வெடிமருந்து என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது உலோகம் மட்டும். பாகிஸ்தான் தயாரிப்பான பி4 மிதிவெடியின் உடலோ பிளாஸ்டிக். வெடியைத் தூண்டும் பாகத்தில்தான் துளி உலோகம். அந்தத் துளியை மண்ணுக்கு மேலே நின்று பிடித்தாக வேண்டும்.

கருவியின் வட்டத் தலைக்குள் இருப்பது செப்புக்கம்பிச் சுருள். அதில் மின்சாரம் பாய்ந்ததும் காந்தப்புலம் எழுந்து மண்ணுக்குள் இறங்குகிறது. மின்சாரத்தைச் சட்டென நிறுத்தினால் புலம் சரியும். சரியும் புலம் உலோகத்துக்குள் மின்னோட்டத்தைச் சுழலவைக்கும். இதுவே சுழல் மின்னோட்டம். அடித்து ஓய்ந்த கோயில் மணியில் ரீங்காரம் தங்குவதுபோல, அது உலோகத்தில் சற்றுத் தங்கி, தன் பங்குக்கு ஒரு குட்டிக் காந்தப்புலத்தை மேலே அனுப்பும். 'சற்று' என்றால், ஒரு விநாடியைப் பத்து இலட்சமாகப் பிரித்த துணுக்குகளில் சில! உலோகம் சிறிதென்றால் இன்னும் சீக்கிரம் அடங்கிவிடும். அதற்குள் கருவி ஏவுவதை நிறுத்திக் கேட்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

போகும்போதும் திரும்பும்போதும் புலம் மெலிகிறது. சுருளின் அகலத்தைத் தாண்டிய ஆழத்தில், தூரம் இருமடங்கானால் மறுமொழி ஏறத்தாழ 64இல் ஒரு பங்கு. தலையைத் தரையோடு தரையாக, மெதுவாக அசைப்பது அதனால்தான். செம்மண்ணில் கலந்த இரும்பும் குரல் கொடுக்கும். நல்ல கருவிகள் முதலில் வெறும் மண்ணின் குரலைப் பழகி, பிறகு அதைக் கழித்துவிடுகின்றன.

1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் புதைந்த குண்டைத் தேட, தொலைபேசி புகழ் கிரகாம் பெல் இப்படியொரு கருவி செய்தார். குண்டு அகப்படவில்லை. கட்டில் மெத்தையின் எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பார்கள்.

முகமாலையின் தலைவலியும் அதுவே. பல ஆண்டுகள் போர்முனையாக இருந்த நிலம். எறிகணைச் சிதறல்களும் வெற்றுத் தோட்டாக் கோதுகளும் நிறைந்தது. எங்கும் 'பீப்' என்றால் கருவி ஊமைக்குச் சமம். ஆனாலும் ஒவ்வொரு 'பீப்'பையும் மிதிவெடியென்றே எண்ணியாக வேண்டும். அத்தகைய இடங்களில் மின்னணுச் சாமர்த்தியத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பல் வைத்த வாரியை எடுக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய பொறியியல். மிதிவெடி காத்திருப்பது மேலிருந்து விழும் பாரத்துக்கு. வாரியோ பக்கவாட்டில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டு வருகிறது. பிடி நீளமானது. தவறி வெடித்தாலும் ஆளுக்கும் வெடிக்கும் இடையே அந்த நீளம் இருக்கும்.