பழைய ஒலிபெருக்கிக்குப் புதுவாழ்வு

— பதினோராம் வகுப்பு மாணவி

நம்மில் பலருடைய வீட்டில், ஏதேனும் ஒரு மூலையில், பழைய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று கிடக்கக் காணலாம். அதன்மேல் பூச்சாடி இருக்கும். அல்லது சலவைக்குப் போக வேண்டிய துணி இருக்கும். ஒரு காலத்தில் வீட்டையே மகிழ்வித்த பெட்டி அது என்பதை எவரும் நினைப்பதில்லை.

பீர்க்கன்கரணையில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்திலும் அப்படி இரண்டு பெட்டிகள் இருந்தன. தாத்தா 1979-இல் வாங்கியவை. தாத்தா மறைந்த பிறகு அவையும் வாய்மூடிவிட்டன. சென்ற கோடை விடுமுறையில் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, அப்பா காயலான் கடைக்காரரை அழைத்து வந்தார். அவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "உள்ளே இருக்கிற காந்தத்துக்குத்தான் சார் எடை, மத்ததெல்லாம் குப்பை" என்றார்.

பாட்டி ஒன்றும் பேசவில்லை. பாட்டிக்கு வயது எழுபத்தெட்டு. அண்மைக் காலமாகத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தால், "சத்தம் கேக்குதும்மா, பேச்சுதான் புரியல" என்பார். மெலிந்த புதுத் தொலைக்காட்சியில் ஒலிபெருக்கிகள் மிகச் சிறியவை; பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ அமைந்தவை. ஒருநாள் இரவுச் செய்தியில் சாத்தூர்ப் பக்கம் கனமழை என்றார்கள். பாட்டியின் காதில் அது 'ஆத்தூர்' என்று விழுந்தது. பாட்டியின் தங்கை இருப்பது சாத்தூரில். அவர்கள் வீட்டிற்குள் தண்ணீர் புகுந்த செய்தி மறுநாள்தான் தெரிந்தது. "நேத்தே தெரிஞ்சிருந்தா ஒரு போன் பண்ணி இருப்பேனே" என்று பாட்டி கலங்கியதை நான் மறக்கவில்லை.

"ஒரு மாசம் தவணை கொடுங்கப்பா" என்று அப்பாவிடம் கேட்டேன். அவரும் இசைந்தார். அந்த ஒரு மாதத்தில் நான் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஒலிபெருக்கி பேசுவது எப்படி?

காந்தப் புலத்தில் உள்ள கம்பியில் மின்சாரம் பாய்ந்தால், அக்கம்பி ஒரு திசையில் தள்ளப்படும். பத்தாம் வகுப்பில் ஃபிளெமிங்கின் இடக்கை விதி என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான் இது! ஒலிபெருக்கியில் வலுவான காந்தம் ஒன்று உண்டு. அதன் குறுகிய இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் தொங்குகிறது. சுருளோடு காகிதக் கூம்பு ஒட்டப்பட்டிருக்கிறது. பாட்டின் மின்னலை சுருளில் பாயும்போது, கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அதுவே நாம் கேட்கும் ஒலி.

இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் 1898-இலேயே இயங்கு சுருள் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியாளர்கள் 1925-இல் அதை இன்றைய வடிவுக்குக் கொண்டு வந்தனர். நம் சென்னையும் அக்காலத்தில் பின்தங்கி இருக்கவில்லை. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று நிறுவிய வானொலிச் சங்கம் 1924-இலேயே இங்கு ஒலிபரப்பியது. 1930-இல் மாநகராட்சி வானொலியும், 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும் தொடங்கின. அன்று முதல் இன்றுவரை ஒலிபெருக்கியின் உள்ளமைப்பு பெரிதும் மாறவில்லை. ஆகவேதான் பழையதைப் பழுது பார்க்க முடிகிறது.

விளிம்பு உதிர்வது ஏன்?

எங்கள் பெட்டியின் முன்துணியைக் கழற்றியதும் திடுக்கிட்டேன். பெரிய கூம்பைச் சுற்றி இருந்த நுரை விளிம்பு, விரல் பட்டதும் ஈரப் பொடியாக உதிர்ந்தது. "எலி கடிச்சிருக்கு" என்றார் அம்மா. எலி அன்று; வேதியியல்!

முன்னாளில் நல்ல கட்டைக்குரல் வேண்டுமானால் பீரோ போன்ற பெட்டி தேவைப்பட்டது. 1954-இல் எட்கர் வில்ச்சர் என்னும் அமெரிக்கர், காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டியில், உள்ளிருக்கும் காற்றையே வில்லாகப் பயன்படுத்தும் வழியைக் கண்டார். அதனால் ஒலிபெருக்கி சாதாரணக் கூடத்திலும் இடம் பிடித்தது. ஆனால் அம்முறைக்குக் கூம்பின் விளிம்பு மிக மென்மையாக இருத்தல் வேண்டும். எனவே 1970-களில் பல உற்பத்தியாளர்கள் பாலியூரித்தேன் நுரையைப் பயன்படுத்தினர். காற்றிலுள்ள ஈரம் அந்த நுரையின் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடுகிறது. இதற்கு நீராற்பகுத்தல் என்று பெயர். சுமார் 15 முதல் 25 ஆண்டுகளில் நுரை உதிர்ந்துவிடும். பாடினாலும் பாடாவிட்டாலும் இந்நோய் வரும். ஏரிக்கரையும் கடற்காற்றும் உள்ள நம் பகுதியில் ஈரத்திற்குக் கேட்க வேண்டுமா?

வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பல்லாவரம் சந்தைக்கு அப்பா என்னை அழைத்துச் சென்றார். பெருங்களத்தூரில் ரயிலேறினால் நான்காவது நிலையம் பல்லாவரம். பழைய வானொலி, கடிகாரம், தையல் இயந்திரம் என்று எல்லாம் அங்கு தரையில் பரப்பியிருந்தன. இதே விளிம்பு நோயுடன் பல பெட்டிகளைக் கண்டேன். காந்தமும் கூம்பும் மரமும் நன்றாக இருக்க, ஒரு விரற்கடை நுரைக்காக அவை தெருவுக்கு வந்திருந்தன.

முதலில் சோதனை, பிறகே வேலை

நோய் என்னவென்று அறியாமல் மருந்து கொடுக்கலாகாது. பின்வரும் சோதனைகளைச் செய்யுங்கள். பெட்டி எந்த மின் இணைப்பிலும் இருக்கக் கூடாது.

முதலாவது: கூம்பின் இரு பக்கமும் விரல்நுனிகளை வைத்து, மெதுவாக, சமமாக அழுத்துங்கள். ஓசையின்றி உள்ளே சென்று திரும்பினால் சுருள் நலம். 'கரகர' என்று உரசினால் சுருள் வளைந்திருக்கலாம், அல்லது இடம் மாறியிருக்கலாம்.

இரண்டாவது: மல்டிமீட்டரால் மின்தடையை அளவிடுங்கள். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஒலிபெருக்கியில் பெரும்பாலும் 6 முதல் 7 ஓம் வரை காட்டும். அது குறையன்று, 8 என்பது மாறுமின்னோட்டத்திற்குக் கூறப்படும் அளவு. மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. அதைப் புதிதாகச் சுற்றித் தரும் தொழிலாளரிடம் கொடுப்பதே நலம். சந்தையில் பழைய பெட்டி வாங்குவோரும் இவ்விரு சோதனைகளையும் செய்து பார்த்தே வாங்க வேண்டும்.

எங்கள் இயற்பியல் ஆசிரியை மல்டிமீட்டரை இரவல் தந்தார். இரண்டு பெட்டிகளிலும் 6.5 ஓம் காட்டியது. என் மகிழ்ச்சிக்கு அளவில்லை!

ஒரு எச்சரிக்கை. வால்வு வானொலியோ வால்வு ஆம்பிளிஃபயரோ இருந்தால் நாமாகத் திறக்கக் கூடாது. அதனுள் 200 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும்.

விளிம்பு மாற்றும் முறை

பழைய நுரையையும் பசையையும் முழுவதும் நீக்க வேண்டும். ஸ்பிரிட் தொட்ட துணியால் பொறுமையாகத் துடைத்தால் வந்துவிடும். அவசரப்பட்டால் காகிதக் கூம்பு கிழியும். பிறகு கூம்பின் குறுக்களவையும், இரும்புச் சட்டத்தின் குறுக்களவையும் அளந்து, அதற்கேற்ற புதிய விளிம்பு வாங்க வேண்டும். '8 அங்குலம்' என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகலாம். ரப்பர் விளிம்பு நெடுநாள் உழைக்கும். ஆனால் கனம் அதிகமாதலால் ஒலியின் தன்மை மாறும். நுரையில் செய்ததற்கு நுரையே பொருந்தும்.

முதலில் விளிம்பைக் கூம்போடு ஒட்டிக் காயவிட வேண்டும். அடுத்ததுதான் கடினமான படி: விளிம்பைச் சட்டத்தோடு ஒட்டுகையில், சுருள் காந்த இடைவெளியின் நட்டநடுவில் நிற்க வேண்டும். அந்த இடைவெளி மிகக் குறுகியது. பழகிய தொழிலாளர்கள் கூம்பின் நடுவிலுள்ள மூடியைப் பிரித்து, எக்ஸ்ரே பிலிமைக் கீற்றுகளாக வெட்டிச் சுருளைச் சுற்றிச் செருகிவிடுவார்கள். பசை காய்ந்ததும் கீற்றுகளை உருவிவிட்டு மூடியை ஒட்டுவார்கள்.

நான் அதைச் செய்யவில்லை. 'கண்ணால் பார்த்தால் போதாதா' என்று நினைத்தேன். மறுநாள் பாட்டுப் போட்டதும், சருகின்மேல் நடப்பது போன்ற உரசல் கேட்டது. அழுகையே வந்துவிட்டது. ஒட்டிய விளிம்பை நனைத்துப் பிரித்து, மீண்டும் தொடங்கினேன். இம்முறை கீற்றுகளைச் செருகி ஒட்டி, ஒரு முழு நாள் தொடாமல் வைத்தேன். உரசல் நின்றது. பதறாத காரியம் சிதறாது என்று பாட்டி அடிக்கடி சொல்வதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

கண்ணுக்குத் தெரியாத பழுது

இருபது வாட் சிறு ஆம்பிளிஃபயர் ஒன்றைத் தொலைக்காட்சியோடு இணைத்தோம். இப்படிப்பட்ட பெட்டியைத் தொலைக்காட்சியில் நேராகச் செருக முடியாது. இடையில் ஆம்பிளிஃபயர் இருந்தே தீர வேண்டும். மிருதங்கம் முழங்கியது, அப்பா தலையாட்டினார். நான் பெருமையோடு பாட்டியைப் பார்த்தேன்.

"நல்லா இருக்கும்மா. ஆனா பேச்சு இன்னும் மூடின மாதிரிதான் இருக்கு" என்றார் பாட்டி.

பாட்டி சொன்னது முற்றிலும் உண்மை. பெட்டியில் இரண்டு ஒலிபெருக்கிகள் உண்டு. பெரியது கட்டைக்குரலுக்கு, சிறியது உச்சக்குரலுக்கு. கடைக்காரர்கள் அவற்றை ஊஃபர், ட்வீட்டர் என்பார்கள். ட்வீட்டருக்கு முன்னால் ஒரு மின்தேக்கி இருக்கும். கனத்த ஒலியைத் தடுத்து, மெல்லிய ஒலியை மட்டும் உள்ளே விடும் காவற்காரன் அது. எங்கள் பெட்டியில் இருந்தது 6.8 மைக்ரோஃபாரட். 8 ஓம் ட்வீட்டரோடு சேர்கையில் அது சுமார் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை அனுமதிக்கும். அக்கால மின்தேக்கியின் உள்ளே திரவம் தோய்ந்த தாள் இருந்தது. நாற்பது ஆண்டுகளில் அத்திரவம் உலர்ந்துபோகிறது. காவற்காரன் கதவையே சாத்திவிடுகிறான்.

இதற்கும் பேச்சுக்கும் என்ன தொடர்பு? 'ஆ', 'ஊ' போன்ற உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. 'சாத்தூர்' என்பதன் தொடக்கத்தில் வரும் 'ஸ்' என்ற சீற்றொலி பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. சத்தத்தைக் கொடுப்பது உயிரொலி. சொல்லைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மெய்யொலி. முதுமையில் செவி முதலில் இழப்பது இந்த உயர்ந்த அதிர்வெண்களைத்தான். பாட்டியின் செவியில் குறைந்த அதே பகுதி, பெட்டியிலும் குறைந்திருந்தது! சத்தத்தைக் கூட்டினால் 'ஆத்தூர்'தான் இன்னும் பலமாகக் கேட்கும், 'சாத்தூர்' வராது.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சித் தெருவில், அதே 6.8 மைக்ரோஃபாரட் அளவுள்ள பாலியஸ்டர் மின்தேக்கிகள் இரண்டு வாங்கினோம். அளவை மாற்றக் கூடாது. கூட்டல் கழித்தல் முனை குறிக்கப்பட்ட வகையையும் இங்கு வைக்கக் கூடாது. அப்பா பற்றவைத்தார், நான் பிடித்துக்கொண்டேன்.

கூடத்தில் வைக்கும் முறை

பெட்டி சரியானாலும் வைக்கும் இடம் தவறினால் பயன் குறையும். ஊஃபரின் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். இரு பெட்டிகளிலும் கூம்பு ஒரே திசையில் அசையும்படி கம்பிகளை இணைக்க வேண்டும். மாறி இணைத்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்து, கட்டைக்குரல் கரைந்துவிடும்.

பெட்டியைச் சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் கட்டைக்குரல் மிகுந்து பேச்சை மூழ்கடிக்கும். ஆகவே சற்று முன்னே தள்ளி, ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்திற்கு வருமாறு வையுங்கள். இரு பெட்டிகளும் கேட்பவரும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள் போல அமைவது நல்லது. மொசைக் தரையும் வெறுஞ்சுவரும் எதிரொலித்துச் சொற்களைக் குழப்பும். நாங்கள் ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்து, ஜன்னலுக்குத் திரை போட்டோம். அதற்கே எத்தனை வேறுபாடு!

சத்தமும் அளவோடு இருக்கட்டும். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் விதித்துள்ள எல்லை பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல். தெளிவு இருந்தால் முழக்கம் தேவையில்லை.

அன்று மாலை பாட்டி செய்தி கேட்க அமர்ந்தார். ஒலி வழக்கத்தைவிடத் தாழ்ந்தே இருந்தது. வானிலை அறிக்கையில் ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பாட்டி நிமிர்ந்து, "சாத்தூர்ல இன்னிக்கி மழை இல்லையாம்" என்றார். பிறகு தங்கைக்குப் போன் செய்யச் சொன்னார்.

ஒலிபெருக்கி காதுக்கு மருந்தாகாது என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டியைச் செவி மருத்துவரிடம் காட்டிப் பரிசோதனையும் செய்திருக்கிறோம். ஆயினும் அவர் கூடத்தில் எங்களோடு அமர்ந்து செய்தி கேட்பதற்குத் தாத்தாவின் பெட்டிகள் துணை நிற்கின்றன.

தோழியரே! உதிர்ந்த விளிம்பு எவர் கண்ணுக்கும் தெரியும். உலர்ந்துபோன சிறு மின்தேக்கியை நான் கண்டது, "இன்னும் புரியல" என்று பாட்டி சொன்ன ஒரு சொல்லால்தான். உங்கள் வீட்டு மூலையிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். பழுது பார்க்கும்போது, அதைக் கேட்கப் போகிறவரையும் அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.