முள் நின்றுபோன ஏழு மாதங்கள்

சோதனை நிலையத்தில் கொடுத்த தாளில் கிட்டத்தட்ட எல்லாமே சரியாக இருந்தன. முன்விளக்கு, பின்விளக்கு, ஹாரன், பிரேக், டயர், புகை என எதிலும் குறையில்லை. ஒரே ஒரு வரிதான் எங்களைத் திருப்பி அனுப்பியது. வேகமானி இயங்கவில்லை, சரிசெய்து மறுசோதனைக்குக் கொண்டுவரவும் என்றது அந்த வரி.

“இந்த ஒரு முள்ளுக்காகவா?” என்றார் அப்பா.

சிங்கப்பூரில் மூன்று ஆண்டுகளைத் தாண்டிய மோட்டார்சைக்கிள்கள் ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குச் செல்லவேண்டும். அதில் தேர்ச்சி பெற்றால்தான் சாலை வரியைப் புதுப்பிக்க முடியும். எங்கள் வண்டியின் சாலை வரி முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. அப்பா வேலைக்குப் புறப்படுவது அதிகாலை 4.30 மணிக்கு. அந்த நேரத்தில் எங்கள் வட்டாரத்தில் பேருந்தும் கிடையாது, ரயிலும் கிடையாது. வண்டி நின்றால் தினமும் டாக்சிதான்.

அப்பாவின் 150 சிசி வண்டிக்கு வயது என் வயதைவிடச் சற்றுக் குறைவு. ஏழு மாதங்களுக்கு முன்பு வாகன நிறுத்துமிடத்தில் பக்கத்து வண்டி சாய்ந்ததில் இதுவும் சேர்ந்து விழுந்தது. மீட்டர் கண்ணாடியில் விரிசல் விழுந்தது. அப்பா அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த சில மழைகளுக்குப் பிறகு முள் ஆடத் தொடங்கியது. ஒருநாள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. கிலோமீட்டர் எண்ணிக்கையும் 84,317ல் நின்றுபோனது.

“இருபத்தைந்து வருஷமா ஓட்டுறேன். இன்ஜின் சத்தத்த வச்சே வேகத்தச் சொல்லிடுவேன்” என்பார் அப்பா. நானும் அதை நம்பினேன். நம்பியது மட்டுமல்ல, ‘2பி’ உரிமம் எடுத்த பிறகு நான்கு மாதங்களாக வாரயிறுதிகளில் நானும் அதே வண்டியை, அதே படுத்த முள்ளோடு ஓட்டியிருக்கிறேன்.

குறுக்கு வழி

சோதனை நிலையத்தில் காத்திருந்தபோதே நண்பனுக்குக் குறுந்தகவல் அனுப்பினேன். அவனிடமும் இதே வகை வண்டி உண்டு. உடனே பதில் வந்தது. “என் மீட்டரைக் கழற்றித் தருகிறேன். மாட்டு, சோதனையை முடி, மறுநாள் திருப்பிக் கொடு. அரை மணி நேர வேலை.”

செலவு இல்லை, அலைச்சல் இல்லை. அப்பாவிடம் காட்டினேன். அவருக்கும் பிடித்திருந்தது. “நல்ல பையன்” என்றார்.

வீடு திரும்பும்போது நான் பின்னால் அமர்ந்திருந்தேன். வேகத்தைக் காட்டும் செயலி கைப்பேசியில் இருந்தது. சும்மா ஒரு விளையாட்டாகத்தான் அதைத் திறந்தேன்.

தீவு விரைவுச்சாலையிலிருந்து வெளியேறி, 60 வரம்புள்ள சாலையில் சீராகச் சென்றுகொண்டிருந்தோம். “அப்பா, இப்ப என்ன வேகம்?” என்று தலைக்கவசத்தோடு தலைக்கவசம் உரசக் கத்தினேன்.

“அறுபது இருக்கும்மா.”

திரையில் 74.

எங்கள் புளோக்கை நெருங்கும் சாலை ‘சில்வர் ஸோன்’. மூத்தோர் அதிகம் நடமாடும் இடம் என்பதால் வரம்பு 40. அப்பா வேகத்தைக் குறைத்தார். மறுபடியும் கேட்டேன்.

“நாற்பதுதான். இங்க நான் எப்பவும் நாற்பதுதான்.”

திரையில் 52.

கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்தியதும் இரண்டு எண்களையும் சொன்னேன். அப்பா தலைக்கவசத்தைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தார். “போன் சரியா காட்டுதா?” என்று மட்டும் கேட்டார்.

காது ஏன் ஏமாற்றுகிறது?

அப்பாவின் அனுபவத்தில் குறையில்லை. மனித உடலின் அமைப்பே அப்படித்தான். விரைவுச்சாலையில் சிறிது நேரம் வேகமாகச் சென்றால் கண்ணும் காதும் அந்த வேகத்துக்குப் பழகிவிடுகின்றன. அதன்பின் வேகத்தைக் குறைக்கும்போது, உண்மையில் இருப்பதைவிட மெதுவாகச் செல்வதாகத் தோன்றும். இன்ஜின் சத்தமும் முழுமையான சாட்சியில்லை. நான்காவது கியரில் ஒரு வேகத்தில் கேட்கும் அதே சத்தம் ஐந்தாவது கியரில் இன்னொரு வேகத்தில் கேட்கும். தலைக்கவசத்துக்குள் புகும் காற்றின் இரைச்சல் வேறு.

40க்கும் 52க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். தொடக்கக் கல்லூரி இயற்பியலை நினைத்துப் பார்த்தேன். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 52ஐ 40ஆல் வகுத்தால் 1.3. அதன் வர்க்கம் 1.69. அதாவது, அப்பா நாற்பது என்று நினைத்துக்கொண்டு சென்ற வண்டி 69 விழுக்காடு கூடுதல் ஆற்றலோடு சென்றுகொண்டிருந்தது. அந்தச் சாலையில் தினமும் காலையில் ஊன்றுகோலோடு கடந்து செல்லும் பாட்டி ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் மின்தூக்கியில்தான் வருவார்.

என் நிலையும் நினைவுக்கு வந்தது. புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு முதல் ஓராண்டு தகுதிகாண் காலம். அதற்குள் 13 குற்றப்புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகும். நான்கு மாதம் எந்த வேகத்தில் ஓட்டினேன் என்பதே எனக்குத் தெரியாது.

நண்பனின் மீட்டரைக் கடன் வாங்கினால் சோதனையில் தேறிவிடலாம். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்த பிறகு அப்பா மறுபடியும் அதே சாலையில், அதே ‘நாற்பதில்’ வருவார். அன்றிரவு நான் எதையும் சொல்வதற்குள் அப்பாவே சொன்னார்: “அந்தப் பையன்கிட்ட வேணாம்னு சொல்லிடு. நம்ம மீட்டரையே பார்ப்போம்.”

‘தாலி’ அறுந்த கதை

அப்பா தமக்குப் பழக்கமான மலாய் மெக்கானிக்கை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினார். அவர் கேட்ட முதல் கேள்வி: “தாலி மீட்டர் புத்துஸ்கா?”

சமையலறையிலிருந்த அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். “யாருக்கு என்னங்க ஆச்சு?”

மலாய் மொழியில் ‘தாலி’ என்றால் கயிறு. மீட்டருக்குப் போகும் கேபிளை மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்வார்கள். ‘புத்துஸ்’ என்றால் அறுந்துபோவது. விளக்கம் கேட்ட பிறகும் அம்மாவுக்கு அந்தச் சொற்கள் பிடிக்கவில்லை. “வெள்ளிக்கிழமையும் அதுவுமா” என்று முணுமுணுத்தபடி உள்ளே போனார்.

மெக்கானிக் சொல்லிக்கொடுத்த சோதனை எளிமையானது. முதலில் மீட்டரின் பின்புறம் கேபிளைப் பிடித்திருக்கும் திருகு மூடியைக் கையால் கழற்ற வேண்டும். பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திச் சுற்ற வேண்டும். கேபிளின் நடுவிலிருக்கும் கம்பி முனை சுழன்றால் கோளாறு மீட்டரில் இருக்கிறது. சுழலாவிட்டால் கோளாறு கேபிளிலோ சக்கரத்தருகே உள்ள பற்சக்கரத்திலோ இருக்கிறது.

அப்பா வண்டியைத் தாங்கிப் பிடிக்க, நான் சக்கரத்தைச் சுற்றினேன். கம்பி அசையவில்லை. மெல்ல இழுத்தபோது பாதிக் கம்பிதான் கையோடு வந்தது. முனை துருப்பிடித்து, நரைமுடிபோல் பிரிந்திருந்தது.

புதிய கேபிள் 15 வெள்ளி. நாங்களே மாட்டினோம். இதில் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டேன். உள்கம்பிக்குக் கிரீஸை மெல்லியதாகத் தடவவேண்டும், மீட்டரை ஒட்டிய மேல்பகுதிக்குத் தடவக்கூடாது. கம்பி சுழலும்போது கிரீஸ் மேலேறி மீட்டருக்குள் போய்விடும். இன்னொன்று, கேபிளை எங்கும் கூர்மையாக மடக்கக்கூடாது. மாட்டியபின் கைப்பிடியை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, கேபிள் இழுபடுகிறதா என்று பார்க்கவேண்டும்.

சக்கரத்தைச் சுற்றினோம். முள் துடித்து எழுந்தது. அம்மாகூடச் சன்னலிலிருந்து கைதட்டினார். ஆனால், சக்கரம் நின்ற பிறகும் முள் 20ஐத் தாண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

தொடாமலே திருப்பும் காந்தம்

மறுநாள் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுசென்றோம். அவர் அலமாரியிலிருந்து பழைய மீட்டர் ஒன்றை எடுத்துக் காட்டினார். உடைத்துக் கழிக்கப்பட்ட வண்டியிலிருந்து எடுத்தது. விலை 60 வெள்ளி. மாட்டினால் உடனே முடிந்துவிடும். அதன் எண்ணிக்கை 31,206.

அப்பா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத மாட்டினா வண்டி அம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடவே இல்லன்னு ஆயிடும். நாளைக்கு விக்கிறப்ப வாங்குறவன் ஏமாறுவான். நம்மளே திறந்து பார்ப்போம்” என்றார்.

மெக்கானிக் சிரித்துக்கொண்டே எங்கள் மீட்டரைக் கழற்றினார். வளைத்து மூடியிருந்த உலோக விளிம்பைச் சிறிது சிறிதாக நிமிர்த்தினார். உள்ளே பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. சுழலும் கேபிளும் முள்ளும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

கேபிளின் முனையில் ஒரு காந்தம் சுழல்கிறது. அதைச் சுற்றி, தொடாமல், மெல்லிய அலுமினியக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. முள் அந்தக் கிண்ணத்தின் அச்சில் பொருத்தப்பட்டுள்ளது. அலுமினியத்தைக் காந்தம் ஈர்க்காது. ஆனால், காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் கிண்ணத்தைச் சுழலும் திசையிலேயே இழுக்கிறது. தலைமுடி போன்ற ஒரு சுருள்வில் அதை எதிர்த்துப் பிடித்துக்கொள்கிறது. வேகம் கூடக் கூட இழுப்பும் கூடி, முள் உயர்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902ல் இந்த வகை வேகமானிக்குக் காப்புரிமை பெற்றார். தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த லென்ஸ் விதி, அப்பாவின் வண்டியில் இத்தனை ஆண்டுகளாக வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

விரிசல் வழியாக இறங்கிய மழைநீர் அச்சில் துருவை உண்டாக்கியிருந்தது. மெக்கானிக் அதைத் துடைத்து, அச்சு அமரும் இடத்தில் ஊசிமுனையால் ஒரு துளி எண்ணெய் விட்டார். சுருள்வில்லைத் தொடக்கூட விடவில்லை. “அது வளைஞ்சா கணக்கே மாறிடும்” என்று மலாயில் அப்பாவிடம் எச்சரித்தார். புதுக் கண்ணாடி வைத்து, மழை புகாதபடி சிலிக்கோன் பூசி மூடினார். கூலியோடு 40 வெள்ளி.

திரும்பும் வழியில் மறுபடியும் கைப்பேசியைத் திறந்தேன். மீட்டர் 50 காட்டியபோது கைப்பேசி 47 காட்டியது. இது கோளாறில்லை. வேகமானி உண்மையான வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது என்பது அனைத்துலக வாகன விதிமுறை. தவறினாலும் ஓட்டுநரை மெதுவாகப் போகச் செய்யும் பக்கமாகத்தான் தவறவேண்டும்.

84,318

இரண்டு நாள் கழித்து மறுசோதனை. சில நிமிடங்களில் முடிந்தது. அன்றிரவே இணையத்தில் சாலை வரியைக் கட்டினோம். மொத்தச் செலவு, மறுசோதனைக் கட்டணம் நீங்கலாக, 55 வெள்ளி. ஏழு மாதங்களுக்கு முன்பே கண்ணாடியை மாற்றியிருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது.

நின்றுபோன மீட்டர் இன்னொரு கணக்கையும் கெடுத்திருந்தது. அப்பா கிலோமீட்டரைப் பார்த்துத்தான் இன்ஜின் எண்ணெய் மாற்றுவார். எண் நகராததால் மாற்றவேண்டும் என்ற நினைவே வரவில்லை. இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாளுக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர், மாதம் 24 வேலைநாள், ஏழு மாதம். கிட்டத்தட்ட 6,400 கிலோமீட்டர். பராமரிப்புக் குறிப்பேட்டில் அப்பா அதை எழுதிவைத்தார்: ‘மீட்டர் ஓடாத காலம், சுமார் 6,400, சேர்த்துக்கொள்ளவும்.’ என்றாவது இந்த வண்டியை வாங்கப்போகிறவருக்கான குறிப்பு அது.

என்னைப்போல் அப்பா, அண்ணன், மாமாவின் பழைய வண்டியில் ஓட்டத் தொடங்கும் மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சாலை வரிக் கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரயிறுதியில் முள் சீராக ஏறுகிறதா, நின்றதும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா, எண்கள் நகர்கின்றனவா, கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் உட்காரும் நண்பரிடம் கைப்பேசியைக் கொடுத்து, மீட்டரைப் பார்க்காமல் உங்கள் வேகத்தை ஒருமுறை ஊகித்துச் சொல்லிப் பாருங்கள்.

மறுசோதனை முடிந்த மறுநாள் அதிகாலை அப்பா கிளம்பும் சத்தம் கேட்டு எழுந்து சன்னலருகே நின்றேன். வண்டி புளோக்கைத் தாண்டி ‘சில்வர் ஸோன்’ சாலைக்குள் திரும்பியது. ஆளில்லாத சாலை, ஆனாலும் மெதுவாகத்தான் போனார். மிக மெதுவாக. பழக்கமில்லாததால் என் கண்ணுக்கு அது முப்பதுபோலத் தெரிந்தது.

மாலையில் கேட்டேன். “நாற்பதும்மா,” என்றார், “முள்ளப் பார்த்துத்தான் சொல்றேன்.”