நான்கு டன் உடம்பிலிருந்து பார்த்தால்

சித்தூருக்கு அருகே காணிப்பாக்கம் வரசித்தி விநாயகரைக் கும்பிட்டு வந்தவர்களுக்கு ஒரு கேள்வி. யானை காணும் உலகமும் அவர் வாகனமான மூஞ்சூறு காணும் உலகமும் ஒன்றுதானா? வளர்ந்த ஆசிய யானை நான்கு டன் இருக்கும். தராசின் மறுதட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் மூஞ்சூறுகளை ஏற்றினால்தான் முள் நடுவில் நிற்கும்!

காலில் முள் குத்தினால் சேதி நரம்பு வழியே மூளைக்கு ஓட வேண்டும். யானைக்கு அந்த ஓட்டம் நொடிக்குச் சுமார் 70 மீட்டர். உடம்பு இவ்வளவு பெருத்தும், நரம்பின் வேகம் மூஞ்சூறு இனத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்குதான். வழியோ மிக நீளம். பின்னங்காலிலிருந்து தலைவரை நான்கு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சேதி போய், பதில் திரும்புவதற்குள் நாம் ஒருமுறை கண் இமைத்துவிடலாம். காலை வைத்துவிட்டு யோசிக்க அந்த உடம்புக்கு நேரம் கிடையாது.

அதனால்தான் அந்த நிதானம். யானை நடக்கும்போது பின்னங்காலைக் கவனியுங்கள். முன்னங்கால் மிதித்துச் சோதித்த தடத்திலோ, அதை ஒட்டியோதான் இறங்கும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்தாலும் ஒரு காலாவது தரையில் இருக்கும். அது குதிப்பதே இல்லை. காரணம் எளிய கணக்கு: உடம்பு எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு வளர்ந்தால் எடை எட்டு மடங்கு; அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். நம் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுந்துவிடும் சறுக்கல், யானைக்கு எலும்பு முறிவாகலாம். அகழியைக் கண்டால் அது தாண்டப் பார்க்காது. கரையை மிதித்து, மண்ணைச் சரித்து, வழி போட்டுக்கொள்ளும்!

பெருத்த உடம்பு தரும் வரமும் உண்டு. 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக் காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்ற ஆய்வாளர் கேட்டி பெய்ன், காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். காதுக்கு எட்டவில்லை, திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நின்றால் நெஞ்சில் படுமே, அப்படி. பதிவு செய்து பார்த்தபோது அது யானைகளின் பேச்சு! நம் செவிக்குக் கேட்காத இந்தத் தாழ்ந்த ஒலிக்குக் குற்றொலி என்று பெயர். நீண்ட குரல்நாண் இருந்தால்தான் இதை எழுப்ப முடியும். இதன் ஓர் அலை இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம். காட்டு மரங்கள் அதை மறிப்பதில்லை. ஆற்றில் நட்ட கம்பைச் சுற்றி நீர் போவதுபோல் போய்விடும். யானையின் அக்கம்பக்கம் கிலோமீட்டர் கணக்கில் விரிவது இப்படித்தான்.

இன்னொரு அதிசயம் தும்பிக்கை. மரக்கிளையை முறிக்கும் அதே உறுப்பு, நுனியிலுள்ள ஒற்றை விரலால் ஒரு வேர்க்கடலையைப் பொறுக்கும். அதுவே மூக்கும்கூட. ஆப்பிரிக்க யானைக்கு மணம் அறியும் மரபணுக்கள் ஏறத்தாழ 2,000. நமக்கு 400 அளவில்தான். சித்தூர் மாந்தோப்பில் பழம் கனிந்ததைக் காவலாளுக்கு முன்பே நம் யானையும் அறிந்தால் வியப்பில்லை.

ஏறத்தாழ 200 ஆண்டுகள் யானையே இல்லாதிருந்த இந்தச் சித்தூர் மண்ணுக்கு, 1980களில் தமிழக, கர்நாடகக் காடுகளிலிருந்து அவை திரும்பி வந்தன. பலமனேர், குப்பம் பக்கம் 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. இரவில் அந்தக் காட்டுச் சாலையில் போகிறவர்கள் வேகத்தைக் குறையுங்கள். யானை நின்றால் ஹாரன் அடிக்காமல் தள்ளி நிறுத்துங்கள். அடுத்த அடியை எங்கே வைப்பது என்று பார்க்க அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.